நூடுல்ஸ் மேல் சுமத்திய பழி

நம் வீடுகளில் நூடுல்ஸ் மீதான வழக்கு விசாரணை நடக்காமலேயே முடிந்துவிட்டது. மைதாவில் செய்தது, மைதா விஷம். அஜினோமோட்டோ போட்டது, அது மூளையைக் கெடுக்கும். குடலில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். மேலே மெழுகு பூசியிருக்கிறார்கள், செரிக்க மூன்று நாளாகும். பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டுமானால் அந்தக் குப்பையை வீட்டுக்குள் விடக் கூடாது. உறவினர்களின் வாட்ஸப் குழு, பள்ளியின் பெற்றோர் கூட்டம், யூடியூபில் பேசும் மருத்துவர் என்று எங்கே போனாலும் இதே பட்டியல்தான். ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்கிறாரே தவிர, நின்று சரிபார்ப்பவர் அரிது.

நான் இதை மறுக்கிறேன். நிறையக் காய்கறியும் முட்டையோ கடலையோ சேர்த்து வீட்டில் கிளறிய நூடுல்ஸ், ஒரு குடும்பம் சாப்பிடக்கூடிய நல்ல இரவு உணவுகளில் ஒன்று. அதை விஷமென்று சொல்லி அடுப்படியிலிருந்து துரத்தியதால் நூடுல்ஸ் நம் வாழ்க்கையிலிருந்து போய்விடவில்லை. தள்ளுவண்டிக்கும் காகிதக் கோப்பைக்கும் போய்ச் சேர்ந்தது. நம் பிள்ளைகள் அதன் மிக மோசமான வடிவத்தை மட்டுமே அறிந்து வளர்கிறார்கள். இந்த இழப்புக்குப் பொறுப்பு நம்முடைய பயத்துக்கு உண்டு.

மைதாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பழியின் வேர் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் மைதாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் இழுக்கும் பெயர் அலாக்சான். ஆய்வுக்கூட எலிகளுக்கு நீரிழிவு வரவழைக்க அதை ஊசியில் ஏற்றுகிறார்கள் என்பது உண்மை. அதிலிருந்து ‘மைதாவை வெளுக்க அலாக்சான் போடுகிறார்கள், அதனால் பரோட்டா தின்றவனுக்கெல்லாம் சர்க்கரை வந்தது’ என்று தாவுவது பொய். மாவை வெளுக்க ஆலைகளில் பயன்பட்டு வந்தவை பென்சாயில் பெராக்சைடு போன்ற வேறு பொருள்கள். தவிரவும், எலியின் கணையத்தை அழிக்கும் அந்த அலாக்சான் மனிதக் கணையச் செல்களை அவ்வளவு எளிதில் தாக்குவதில்லை. சர்க்கரை நோய்க்கு உண்மையான காரணங்களான உடல் பருமன், உழைப்பின்மை, மரபு, தட்டில் குவியும் மாவுச்சத்து ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தை இந்த ஒரு கதை விழுங்கியிருக்கிறது.

அடுத்தது பசை. சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் மைதாவைத்தான் காய்ச்சுகிறார்கள், அந்தப் பசையையா வயிற்றுக்குள் போடுவது என்று கேட்பார்கள். நம் தாத்தாக்கள் கடித உறையைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினார்கள். வேட்டிக்கும் சேலைக்கும் போட்டது சோற்றுக் கஞ்சி. நீரில் வெந்த மாவுச்சத்து எதுவானாலும் ஒட்டத்தான் செய்யும். வாயிலிருக்கும் உமிழ்நீரே அதை உடைக்கத் தொடங்கிவிடுகிறது. சிறுகுடல் மிச்சத்தை முடிக்கிறது. சுவரில் நடப்பது குடலில் நடப்பதில்லை. மெழுகுக் கதைக்கும் ஆதாரம் கிடையாது. உடனடி நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம், அதை ஆவியில் வேகவைத்து எண்ணெயில் பொரித்தோ காற்றில் உலர்த்தியோ விற்பதுதான்.

மைதா நல்ல மாவு என்று நான் வாதாட வரவில்லை. கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கிவிட்டு அரைத்தது அது, நார்ச்சத்தில் பெரும்பகுதி போய்விட்டது. ஆனால் அந்தக் குறையை எதனோடு ஒப்பிட்டுப் பேசுகிறோம்? ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை எடுத்துப் பாருங்கள். 100 கிராம் மைதாவில் நார்ச்சத்து மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவு. தீட்டிய பச்சரிசியிலும் மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவுதான். புரதம் மைதாவில் சுமார் 10 கிராம், அரிசியில் சுமார் 8 கிராம். தீட்டிய வெள்ளை அரிசியை மதியமும் இரவும் குவித்துச் சாப்பிடுகிற வீடு, மாதம் இருமுறை வருகிற நூடுல்ஸை விஷம் என்று சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. சாப்பிட்ட உணவு எவ்வளவு வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதற்குக் கிளைசெமிக் குறியீடு என்றொரு அளவு உண்டு. 2008-ல் ‘டயபடீஸ் கேர்’ என்ற மருத்துவ இதழில் வந்த சர்வதேசப் பட்டியலில் வெள்ளைச் சோற்றின் சராசரி 73. வெள்ளை ரொட்டி 75. ஜப்பானியரின் ஊடோன் நூடுல்ஸ் 55. அரிசி நூடுல்ஸ் 53. ஊடோனும் தவிடு நீக்கிய கோதுமை மாவில் செய்ததுதான், ரொட்டியும் அப்படித்தான். மாவு ஒன்று, எண்ணில் இருபது வித்தியாசம். கெட்டியாகப் பிசைந்து, அழுத்தி, இழையாக்கும்போது கோதுமையின் புரதம் வலைபோல் பின்னி மாவுச்சத்தைத் தனக்குள் பொதிந்துகொள்கிறது. ரொட்டியில் இருப்பதுபோன்ற காற்றறைகள் இதில் இல்லை. செரிமான நொதிகள் உள்ளே நுழைய நேரமாகிறது. சர்க்கரையும் மெதுவாக ஏறுகிறது. இதைத் தெரிந்துகொண்டவர்கள் நூடுல்ஸைக் குழைய வேகவிட மாட்டார்கள். குழைந்துவிட்டால் அந்த அனுகூலம் கரைந்துபோகும்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் மதிய உணவு டப்பாவுக்குத் தடைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். நூடுல்ஸுக்கு முதலிடம். ஜாம் தடவிய ரொட்டிக்கு அனுமதி உண்டு. எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் தாராளமாகக் கொண்டு வரலாம். அந்த ரொட்டியும் மைதாதான், மேலே சர்க்கரைப் பாகு வேறு. எலுமிச்சைச் சாதத்தில் காய்கறியே கிடையாது. ஆனால் ஒரு தாய் காலையில் எழுந்து கேரட்டும் பீன்ஸும் கோஸும் முட்டையும் போட்டுக் கிளறிக் கொடுத்த டப்பா திருப்பி அனுப்பப்படுகிறது. பிள்ளை அழுதுகொண்டு வந்ததாக அந்த அம்மா சொன்னார். இந்தப் பட்டியலை எழுதியவர்கள் டப்பாவைத் திறந்து பார்க்கவில்லை. பெயரைக் கேட்டார்கள், தீர்ப்பு எழுதினார்கள்.

இனி அஜினோமோட்டோ. அது ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் பெயர். பொருளின் பெயர் மோனோசோடியம் குளூட்டமேட். 1908-ல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கிகுனே இகேடா, கொம்பு என்ற கடற்பாசியைக் கொதிக்கவைத்த சாற்றில் ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிரித்தெடுத்தது அது. அடுத்த ஆண்டே கடைக்கு வந்தது. தக்காளி, காளான், முதிர்ந்த பாலாடைக்கட்டி, சோயா சாஸ் எல்லாவற்றிலும் குளூட்டமேட் இயற்கையாகவே உண்டு. தாய்ப்பாலிலும் உண்டு. தக்காளியிலிருந்து வந்ததா, பொட்டலத்திலிருந்து வந்ததா என்று நம் உடல் பிரித்துப் பார்ப்பதில்லை.

பயம் பிறந்தது 1968-ல். அமெரிக்காவில் ராபர்ட் ஹோ மான் குவோக் என்ற மருத்துவர், சீன உணவகத்தில் சாப்பிட்டால் தனக்குப் பிடரி மரத்துப்போவதாகவும் படபடப்பு வருவதாகவும் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். காரணம் சோயா சாஸா, சமையல் மதுவா, உப்பா, குளூட்டமேட்டா என்று பல ஐயங்களை எழுப்பியிருந்தார். இதழ் அதற்குச் ‘சீன உணவகக் கோளாறு’ என்று தலைப்பு வைத்தது. ஐயங்களில் ஒன்று மட்டும் ஊரெங்கும் பரவியது, சீனச் சமையல் முழுவதற்கும் ஒரு கறை விழுந்தது. அதன்பின் யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்பதை மறைத்து நடத்திய சோதனைகளில், அந்தக் கோளாறைத் திரும்பத் திரும்ப வரவழைக்க முடியவில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குளூட்டமேட்டைப் பாதுகாப்பான பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறது. வெறும் வயிற்றில் மூன்று கிராமும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்ட சிலருக்குத் தற்காலிகத் தலைவலி போன்றவை வரலாம் என்று 1995-ல் அந்த நிர்வாகத்துக்காகத் தயாரித்த அறிக்கை சொன்னது. வீட்டில் நான்கு பேருக்குச் சமைக்கும்போது கால் தேக்கரண்டி போட்டால் மொத்தமே ஒரு கிராம் அளவுதான் வரும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது உப்பைப் பற்றி. சாப்பாட்டு உப்பில் சோடியம் சுமார் 39 சதவீதம். குளூட்டமேட்டில் சுமார் 12 சதவீதம். உப்பைக் குறைத்துவிட்டுச் சிறிது குளூட்டமேட் போடுகிற வீட்டில் சோடியம் குறையும், ருசி குறையாது. அஜினோமோட்டோ கலக்காதது என்று அறிவித்துவிட்டு, உப்பையும் சாஸையும் தாராளமாகக் கொட்டுகிற கடை யாருக்கும் நல்லது செய்யவில்லை. நான் என் சமையலில் அதைப் போடுவதில்லை. பயம் காரணமல்ல, காளானும் சோயா சாஸும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

2015-ல் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மேகி நூடுல்ஸில் காரீயம் அளவுக்கு மேல் இருப்பதாகவும், குளூட்டமேட் சேர்க்கவில்லை என்று பொட்டலத்தில் போட்டது தவறான தகவல் என்றும் சொல்லி, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஜூனில் தடை விதித்தது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை நீக்கி மறுபரிசோதனைக்கு உத்தரவிட்டது, நவம்பரில் பொட்டலங்கள் கடைக்குத் திரும்பின. வழக்கு ஒரு பொட்டலத்தையும் அதன் அச்சடித்த வாசகத்தையும் பற்றியது. நம் மனத்தில் தங்கியதோ ‘நூடுல்ஸ் என்றாலே விஷம்’ என்ற ஒற்றை வரி.

குறை எங்கே இருக்கிறது என்று நேர்மையாகத் தேடினால் மூன்று இடங்களில் அகப்படும்.

ஒன்று, பொரித்த உடனடி நூடுல்ஸ். 1958-ல் மொமொஃபுகு ஆண்டோ ஜப்பானில் அதைக் கொண்டுவந்தபோது, நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து ஈரத்தை வெளியேற்றும் உத்தியைக் கையாண்டார். போருக்குப் பின் பசித்திருந்த நாட்டில் அது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அப்படிப் பொரித்ததில் எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை எண்ணெய் ஏறிவிடுகிறது. கூடவே வரும் மசாலாப் பொட்டலத்தில் உப்பு. தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடத்தில் இறக்கினால் தட்டில் மாவும் எண்ணெயும் உப்பும் மட்டுமே இருக்கின்றன. ஒரு காய்த் துண்டுகூடக் கிடையாது. இதைத் தினமும் சாப்பிடுவதை நான் எந்த விதத்திலும் ஆதரிக்கவில்லை.

இரண்டாவது, தெருவோரத் தட்டு. மாலையில் ஏதாவது ஒரு வண்டியின் அருகில் நின்று பாருங்கள். முன்கூட்டியே வேகவைத்து எண்ணெய் தடவிக் குவித்த நூடுல்ஸ் அகலத் தட்டில் மலைபோல் இருக்கும். சட்டி புகைகிறது. ஒரு கரண்டி நிறைய எண்ணெய் விழுகிறது. ஒரு பிடி கோஸ், நான்கு துண்டு கேரட், அதன்மேல் இரண்டு கை நூடுல்ஸ், உப்பு, மிளகுத்தூள், இரண்டு பாட்டில்களிலிருந்து சாஸ். அந்த மனிதரின் கைத்திறன் அபாரமானது. ஒரு நிமிடத்தில் தட்டு வந்துவிடுகிறது. ஆனால் குறைந்த விலையில் வயிறு நிரப்பியாக வேண்டும், காய்கறி விலை அதிகம், மாவும் எண்ணெயும் மலிவு. அந்தக் கணக்கு தட்டில் தெரிகிறது. வண்டிக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் கட்டுப்படியாகாத காய்கறி நம் வீட்டுக் கூடையில் இருக்கிறது, அதை நாம்தான் போட வேண்டும்.

மூன்றாவது எனக்குக் கோபம் தருவது. நூடுல்ஸ் மேல் நமக்கிருக்கும் பயத்தையே சரக்காக்கி விற்கிறார்கள். ராகி நூடுல்ஸ், வரகு நூடுல்ஸ், கீரை நூடுல்ஸ், கோதுமை நூடுல்ஸ். பச்சை நிற அட்டை, வயல் படம், இரண்டு மடங்கு விலை. பொட்டலத்தைத் திருப்புங்கள். நம் நாட்டுச் சட்டப்படி எது எடையில் அதிகமோ அது பட்டியலில் முதலில் வர வேண்டும். ராகி நூடுல்ஸ் என்று பெரிதாகப் போட்ட பொட்டலங்கள் பலவற்றில் முதலில் நிற்பது கோதுமை மாவோ மைதாவோதான். ராகி அதற்குப் பின்னால். சத்து அட்டவணையில் கொழுப்பு என்ற வரியையும் பாருங்கள். 100 கிராமுக்கு இரண்டு கிராமுக்குள் இருந்தால் பொரிக்காதது. பதினைந்துக்கு மேல் என்றால், அது எந்தத் தானியமானாலும் எண்ணெயில் குளித்து வந்தது. இந்த இரண்டு வரிகளைப் படிக்கத் தெரிந்தவர்களை எந்த விளம்பரமும் ஏமாற்ற முடியாது.

சிறுதானியத்தின் மேல் எனக்கு மதிப்புக் குறைவில்லை. சீனாவின் சிங்காய் மாகாணத்தில், மஞ்சள் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள லாஜியா என்ற இடத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு மண் கிண்ணத்துக்குள் சுமார் 4000 ஆண்டு பழைய நூடுல்ஸ் கிடைத்தது. 2005-ல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு, அது தினையும் பனிவரகும் கலந்து செய்தது என்றது. அந்த மாவை அவ்வளவு நீள இழையாக்க முடியுமா என்று வல்லுநர்களுக்குள் விவாதம் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எப்படியானாலும், தினையிலும் அரிசியிலும் பச்சைப்பயறு மாவிலும் கோதுமையிலும் இழை செய்யத் தெரிந்த மரபு ஆசியாவினுடையது. நம் சேவையும் சந்தகையும் இடியாப்பமும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தவைதான். காலையில் சேவையைத் தாளித்துச் சாப்பிடுகிறவர்கள், மாலையில் அதே வேலையைக் கோதுமை இழையில் செய்தால் கெடுதல் என்பது எனக்குப் புரியாத நியாயம்.

‘அது நம் சாப்பாடில்லையே’ என்பவர்களுக்கு மலேசியாவையும் சிங்கப்பூரையும் காட்டுவேன். அங்கே மாமாக் கடைகளில் மீ கோரெங் கிளறுகிறவர்கள் தமிழ் முஸ்லிம்கள். சீனருடைய மஞ்சள் நூடுல்ஸை எடுத்து, மிளகாய் விழுதும் தக்காளியும் உருளைக்கிழங்கும் டோஃபுவும் பயறு முளையும் போட்டு, மேலே சிறிய எலுமிச்சை பிழிந்து, அதைத் தங்களுடைய உணவாகவே ஆக்கிவிட்டார்கள். நம் கடைகளில் கிடைக்கும் ஹக்கா நூடுல்ஸும் அப்படித்தான். கொல்கத்தாவின் டாங்ராவில் தோல் பதனிட்டு வாழ்ந்த ஹக்கா சீனக் குடும்பங்களின் பெயரைத் தாங்கி வருகிறது. உணவு இப்படித்தான் ஊர் விட்டு ஊர் வந்து சேர்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு அடுப்படிக்குப் போகாவிட்டால் வாதம் பாதியில் நிற்கும். நான்கு பேருக்கு என் அளவு இது: பொரிக்காத, மசாலாப் பொட்டலம் இல்லாத வெறும் நூடுல்ஸ் 200 கிராம். காய்கறி 650 கிராம் முதல் 700 கிராம் வரை. கோஸ், கேரட், பீன்ஸ், குடைமிளகாய், காளான், வெங்காயத்தாள் என்று கிடைப்பதைப் போடலாம். முட்டை நான்கு, சாப்பிடாதவர்கள் டோஃபுவோ பன்னீரோ 200 கிராம். தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை இரண்டு கைப்பிடி. எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, பூண்டு பத்துப் பல், ஒரு துண்டு இஞ்சி, புதிதாகப் பொடித்த மிளகு, கொஞ்சம் வினிகர் அல்லது எலுமிச்சை. காய் மலைபோலவும் நூடுல்ஸ் குறைவாகவும் தெரிகிறதே என்று முதல்முறை கை தயங்கும். தயங்க வேண்டாம், விஷயமே அந்த விகிதத்தில்தான் இருக்கிறது.

காயை முதலில் கழுவித் துணியில் பரப்பிவிடுங்கள். ஈரக் காய் சட்டியில் விழுந்தால் வதங்காது, அவியும். கோஸை மெல்லிய இழையாக, கேரட்டைத் தீக்குச்சி கனத்தில், பீன்ஸைச் சாய்வாக நறுக்குங்கள். உழைப்பு முழுவதும் இந்த நறுக்கலில்தான். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது நூடுல்ஸைப் போட்டு, பொட்டலத்தில் சொன்னதைவிட ஒரு நிமிடம் முன்னதாக ஓர் இழையை எடுத்து நகத்தால் கிள்ளுங்கள். நடுவே ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். உடனே வடிதட்டில் கொட்டி, குழாயடியில் பிடித்துக் கையால் அலசுங்கள். மேலே ஒட்டிய மாவுக்கஞ்சி போனால்தான் இழை தனித்தனியாக நிற்கும். பிறகு ஒரு தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுங்கள். எண்ணெய் மேலே ஊற்றத் தேவையில்லை. இரண்டு சொட்டு கையில் தடவிப் புரட்டினால் போதும்.

வீட்டு அடுப்பில் கடைத் தீ வராது, அதனால் அந்த ருசி வராது என்பார்கள். கடை அடுப்பு நம் அடுப்பைவிடப் பல மடங்கு வலிமையானது என்பது சரி. அதற்கு மருந்து எண்ணெயைக் கூட்டுவதல்ல, சட்டியில் போடும் அளவைக் குறைப்பது. ஒட்டாத பூச்சுள்ள பாத்திரம் வேண்டாம், அதை அந்த அளவுக்குக் காயவைக்கக் கூடாது. இரும்புச் சட்டியை மெல்லப் புகை எழும்வரை காயவையுங்கள். பாதி எண்ணெய், பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி. மணம் வந்ததும் கேரட்டும் பீன்ஸும். ஒன்றரை நிமிடத்துக்குப் பிறகு காளான். கடைசியில் கோஸும் குடைமிளகாயும், ஒரு நிமிடம் மட்டும். இதை இரண்டு தடவையாகச் செய்து தட்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் காயையும் ஒரே நேரத்தில் கொட்டினால் சட்டி குளிர்ந்து, நீர் விட்டு, கூட்டுபோல் ஆகிவிடும். உப்பை இப்போதே போட்டாலும் அப்படித்தான். காய் நிறம் மாறாமல், கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிக்கும்போது நீரோடு போய்விடுகிற வைட்டமின்கள் இந்த முறையில் பெரும்பாலும் காயிலேயே தங்குகின்றன.

மிச்ச எண்ணெயில் முட்டையை உடைத்து ஊற்றி, பாதி வெந்ததும் கலைத்துவிட்டு நூடுல்ஸைப் பரப்புங்கள். அரை நிமிடம் கரண்டியை வைக்கக் கூடாது. அடியில் அங்கங்கே பழுப்பேறும். கடைச் சுவை என்று நாம் தேடுவதில் பாதி அந்தப் பழுப்பு. இப்போது புரட்டி, காயைத் திரும்பப் போட்டு, உப்பும் மிளகும் தூவி, சோயா சாஸை நூடுல்ஸ் மேல் ஊற்றாமல் சட்டியின் சூடான ஓரத்தில் விடுங்கள். சுர்ரென்று பொங்கி, மணம் மாறி இறங்கும். வினிகர் நான்கு சொட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வெங்காயத்தாளின் பச்சை, வேர்க்கடலை. நறுக்குவதையும் சேர்த்து அரை மணி நேர வேலை.

கணக்குப் பார்ப்போம். ஒரு தட்டில் 50 கிராம் உலர் நூடுல்ஸ், 160 கிராமுக்கு மேல் காய்கறி. பழமும் காயும் சேர்ந்து நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே தட்டில் வந்துவிட்டது. எண்ணெய் ஆளுக்கு ஏழு கிராமுக்குள். புரதம் நூடுல்ஸிலிருந்து ஐந்து கிராம், முட்டையிலிருந்து ஆறு, கடலையும் காயும் சேர்த்தால் பதினைந்தைத் தாண்டும். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம், அரைத் தேக்கரண்டி உப்பில் சுமார் 1150. நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 500 மில்லிகிராமை ஒட்டி வரும். நாளைக்கு 2000 என்ற உச்ச அளவில் கால் பங்கு. சாம்பார், ரசம், அப்பளம், ஊறுகாய் என்று போகிற நம் மதியச் சாப்பாட்டின் உப்பை இதேபோல் எத்தனை வீடுகளில் அளந்திருக்கிறோம்?

சீலியாக் நோயுள்ளவர்களுக்குக் கோதுமை ஆகாது. அவர்களுக்கு அரிசிச் சேவை இருக்கிறது, கோதுமை கலந்திருக்கும் வழக்கமான சோயா சாஸுக்குப் பதில் உப்பும் எலுமிச்சையும் போதும். சர்க்கரை நோயாளிகள் நூடுல்ஸை இன்னும் குறைத்துக் காயைக் கூட்டலாம். மற்றவர்களில் பெரும்பாலோர் இந்தத் தட்டைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இன்னொன்று. நம் வீட்டு இளம்பிள்ளைகள், குறிப்பாகப் பையன்கள், தாமாக முன்வந்து அடுப்புப் பக்கம் போகிறார்கள் என்றால் பெரும்பாலும் அது நூடுல்ஸுக்காகத்தான். சாம்பார் வைக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்றால் ஓடிப்போகிற பதினான்கு வயதுப் பையன், நூடுல்ஸ் என்றால் கத்தியை எடுத்துக் கேரட் நறுக்குவான். தான் நறுக்கிய காயை அவனே சாப்பிடுவான். பொரியலில் பீன்ஸைப் பொறுக்கி ஒதுக்குகிற பிள்ளைகள் நூடுல்ஸில் அதை ஒதுக்காமல் தின்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். சமையலுக்கு இப்படித் தானாகத் திறக்கிற கதவை விஷம் என்ற ஒரு சொல்லால் நாமே சாத்துகிறோம். பிறகு அதே பையன் விடுதிக்கோ வேலைக்கோ போய், தினமும் இரவில் காகிதக் கோப்பையில் வெந்நீர் ஊற்றிச் சாப்பிடுகிறான் என்று வருந்துகிறோம்.

பெற்றோருக்கும் மதிய உணவுப் பட்டியல் எழுதும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். பெயரைப் பார்த்துத் தடை போடாதீர்கள், டப்பாவைத் திறந்து பாருங்கள். காய் எவ்வளவு, முட்டையோ பயறோ இருக்கிறதா, எண்ணெய் மிதக்கிறதா என்று கேளுங்கள். இட்லிக்கும் அதே கேள்வி, எலுமிச்சைச் சாதத்துக்கும் அதே கேள்வி. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு சாதாரண ஹக்கா நூடுல்ஸ் பொட்டலமும் ஒரு கூடைக் காயும் வாங்கி வாருங்கள். நறுக்குகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.